முப்பத்திரண்டும் ஒரே பக்கம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! வரவேற்புரையில் எனக்குத் தகுதியில்லாத பட்டங்களையெல்லாம் வாரி வழங்கிய நூலகர் அம்மையார் அவர்களே! வைகாசி முகூர்த்த நாளில் திருமண மண்டபத்தை வாடகையின்றித் தந்த அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் நகர்மன்ற உறுப்பினர்கள் இருவரே! இருவரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், இன்று ஒரே சோபாவில் அமர்ந்திருக்கிறார்கள். புகைப்படக்காரர் தம்பி, அதை முதலில் எடுத்துவிடுங்கள். சால்வைக்குப் பதில் புத்தகம் தந்தீர்கள், அதற்குத் தனி நன்றி. ஒலிபெருக்கி அமைத்த தம்பியையும், பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் கல்லூரி மாணவர்களையும் வணங்குகிறேன்.

சிக்கிம் சட்டமன்றத் தேர்தலைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, அங்கே ஒரே கட்சி எப்படி எல்லா இடங்களையும் அள்ளிக்கொள்கிறது என்பது. இரண்டு, புத்தத் துறவிகளுக்கென்றே இருக்கும் தொகுதி. மூன்று, கட்சித் தாவல் தடைச் சட்டம்.

2024 ஏப்ரல் 19 அன்று நாம் நாடாளுமன்றத் தேர்தலுக்காக விரலில் மை வைத்துக்கொண்டோம். அதே நாளில் சிக்கிம் மக்கள் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்து வாக்களித்தார்கள். மொத்தம் 32 தொகுதிகள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக 15 ஆயிரம் வாக்காளர்கள்கூட இல்லை. நம் ஊரில் அது சில வார்டுகளின் கணக்கு. ஜூன் 2-ஆம் தேதி முடிவு வந்தது. பிரேம் சிங் தமாங் தலைமையிலான சிக்கிம் கிராந்திகாரி மோர்ச்சாவுக்கு 31, எதிர்த்த சிக்கிம் ஜனநாயக முன்னணிக்கு 1. கால்பந்து வீரர் பைச்சுங் பூட்டியா முன்னணியின் சார்பில் நின்றார், அவரும் தோற்றார். வென்ற அந்த ஒருவரும், ஷியாரி தொகுதிக்காரர், அடுத்த மாதமே ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டார். பிறகு இரண்டு தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் வந்தது. போட்டியே இல்லை, இரண்டும் ஆளுங்கட்சிக்கே போயின.

ஒரு கை தட்டினால் ஓசை எழுமா? நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்லும் பழமொழி இது. கேட்டுச் சலித்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். 1989 தேர்தலில் நர் பகதூர் பண்டாரியின் சிக்கிம் சங்கிராம் பரிஷத் 32-க்கு 32 வென்றது. அவையில் எதிர்க்கட்சி என்று பெயருக்குக்கூட ஓர் ஆள் இல்லை. பண்டாரியின் அமைச்சரவையிலேயே இருந்த பவன் குமார் சாம்லிங் அவரோடு முரண்பட்டு வெளியே வந்தார். இப்போது அவர் அவைக்குள் கேள்வி கேட்க வேண்டும். சுற்றிலும் நேற்றுவரை அவரோடு சேர்ந்து மேசையைத் தட்டியவர்கள். யார் கேட்பார்கள்? ஒரு நாள் பட்டப்பகலில், விளக்குகளெல்லாம் எரிந்துகொண்டிருக்கும் அவையில், மனிதர் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினாராம். 'என்ன தேடுகிறீர்கள்?' என்றால், 'ஜனநாயகத்தைத் தேடுகிறேன்' என்றாராம். அவருடைய கட்சியினர் இன்றும் பெருமையாகச் சொல்லும் கதை இது. கைதட்டுங்கள், தட்ட வேண்டிய இடம்தான். ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

சிக்கிம் ஜனநாயக முன்னணியைத் தொடங்கிய மெழுகுவர்த்திக்காரர் 1994 டிசம்பரில் முதலமைச்சர் ஆனார். 2019 மே வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள், அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை. 2004-இல் அவருக்கு 31 இடங்கள். 2009-இல் எவ்வளவு தெரியுமா? முன்வரிசையில் சரியாகச் சொல்கிறார்கள். முப்பத்திரண்டு! அந்த அவையில் மெழுகுவர்த்தி ஏற்ற எதிர்வரிசையில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவருடைய அமைச்சரவையில் இருந்த தமாங்தான் பின்னர் பிரிந்து, 2013-இல் தனிக்கட்சி கண்டு, 2019-இல் அவரை வீழ்த்தினார். அந்தத் தேர்தலில் முன்னணிக்கு 15 இடங்கள் கிடைத்தன. இருவர் இரண்டிரண்டு தொகுதிகளில் வென்று ஒவ்வொன்றை விட்டுவிட்டதால், ஆட்கள் 13 பேர்தான். சில மாதங்களிலேயே பத்து உறுப்பினர்கள், மாநிலத்தில் ஓர் இடம்கூட வெல்லாத பாரதிய ஜனதாவுக்குப் போனார்கள். இருவர் ஆளுங்கட்சிக்குப் போனார்கள். கால் நூற்றாண்டு ஆண்டவர் அவையில் தனியாக உட்கார்ந்திருந்தார். 2024-இல் இரண்டு தொகுதிகளில் நின்று இரண்டிலும் தோற்றார்.

இன்னும் பின்னால் போனால் 1974. காஜி லெந்துப் தோர்ஜியின் கட்சி 31 வென்றது. சிக்கிம் இந்தியாவோடு இணைந்து அவர் முதல் முதலமைச்சர் ஆனார். 1979-இல் அவர் சார்ந்திருந்த கட்சிக்குப் பூஜ்யம்! எல்லாவற்றையும் வெல்பவன் ஏன் இப்படி விழுகிறான்? அவையில் எதிர்க்குரல் இல்லையென்றால் குறை எங்கே சேர்கிறது? ஆளுங்கட்சியின் உள்ளறையில் சேர்கிறது. சாம்லிங் பண்டாரியின் வீட்டிலிருந்து வந்தார், தமாங் சாம்லிங்கின் வீட்டிலிருந்து வந்தார். ஒரு கை தட்டினால் ஓசை எழாது, ஐயா. அந்தக் கை கடைசியில் சொந்தக்காரனின் கன்னத்தில் விழுகிறது.

இப்போது நான் ஊர் ஊராகப் பேசிவரும் விஷயத்துக்கு வருகிறேன்: விகிதாசார முறை, அதாவது கட்சி வாங்கிய வாக்கின் அளவுக்கு ஏற்ப இடங்களைப் பங்கிடுவது. 2024-இல் ஆளுங்கட்சி வாங்கிய வாக்கு 58 விழுக்காடு, முன்னணி வாங்கியது 27 விழுக்காடு. நான்கில் ஒருவருக்கு மேல் வாக்களித்த எதிர்க்கட்சிக்கு ஒரே ஓர் இடம். விகிதாசாரப்படி பங்கிட்டிருந்தால் அக்கட்சியினர் ஏறத்தாழ ஒன்பது பேர் எதிர்வரிசையில் இருந்திருப்பார்கள். 2019-இல் இன்னும் வேடிக்கை. தோற்ற முன்னணி, வென்ற கட்சியைவிடச் சற்றே கூடுதலாக வாக்கு வாங்கியிருந்தது! நாம் சிக்கிமைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 1991-இல் தமிழ்நாட்டில் 22 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கிய திமுகவுக்கு இரண்டே இடங்கள். கலைஞர் பதவி விலகிய பிறகு அவையில் அக்கட்சிக்கு மிஞ்சியவர் பரிதி இளம்வழுதி ஒருவரே.

இரண்டாவது செய்தி, புத்தத் துறவிகளுக்கான சங்கத் தொகுதி. அதற்கு எல்லைக்கோடு கிடையாது, வரைபடத்தில் தேடினாலும் அகப்படாது. மாநிலம் முழுவதிலும் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மடாலயங்களின் துறவிகளும் துறவினிகளும் மட்டும் அதற்கு வாக்களிக்கிறார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. மதத்தின் பேரில் தொகுதி இருக்கலாமா என்பது பெரிய வழக்கு, அதற்குள் இன்று நான் போகவில்லை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: நிலத்தில் கோடு கிழிக்காமலே பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று அந்த மலைநாடு காட்டியிருக்கிறது. துறவிகளுக்கு முடிந்தது, 27 விழுக்காடு வாக்காளர்களுக்கு முடியாதா?

பக்கத்து நேபாளத்தைப் பாருங்கள். அங்கே நாடாளுமன்றக் கீழவையில் 275 இடங்கள். 165 நம்மைப் போல் நேரடித் தொகுதி, 110 கட்சிகளின் வாக்கு விகிதத்துக்கு. நம் நாட்டில் மாநிலங்களவைத் தேர்தலே விகிதாசார முறையில்தான் நடக்கிறது. சட்ட ஆணையம் 1999-இல், தன் 170-ஆவது அறிக்கையில், மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் கூடுதலாக 25 விழுக்காடு இடங்களைச் சேர்த்துக் கட்சிப் பட்டியல் முறையில், அதாவது கட்சிகள் தரும் பெயர்ப் பட்டியலிலிருந்து வாக்கு விகிதப்படி, நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. அறிக்கை தூங்குகிறது. விகிதாசாரம் வந்தால் கூட்டணிக் குழப்பம் வரும் என்பார்கள். வரட்டுமே! இரண்டு கை தட்டினால் சத்தம் வரத்தான் செய்யும்.

மூன்றாவது செய்தியான கட்சித் தாவலுக்கு நேரமில்லை. தலைவர் ஐயா இரண்டு முறை மணியடித்துவிட்டார். நகர்மன்ற உறுப்பினர்கள் இருவரும் மேடையில் இருப்பதால் அதைத் தொடாமல் விடுவது மரியாதையும்கூட.

வாசலில் நீலத் துணி விரித்த மேசையில் மனு வைத்திருக்கிறோம். சட்டமன்றத் தேர்தலிலும் விகிதாசார இடங்கள் வேண்டும் என்று கேட்கும் மனு. பெயரையும் கையொப்பத்தையும் தெளிவாகப் போடுங்கள். போன ஊரில் பாதிக் கையொப்பங்களைப் படிக்கவே முடியவில்லை. உறுப்பினர்கள் இருவரும் அடுத்தடுத்த வரியில் கையொப்பமிட்டால் நான் மகிழ்வேன். சுண்டல் அதற்கு அடுத்த மேசையில் இருக்கிறது. நன்றி, வணக்கம்.