உங்கள் கூலியை முதலில் எழுதுங்கள்

(எங்கள் ஊர் மகளிர் குழுக்கள் கூடிய கூட்டத்தில் பேசியது. வர முடியாத தோழிகள் கேட்டுக்கொண்டதால் போனில் பதிவானதைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

மேடையில் இருக்கும் மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர் அவர்களே, எங்கள் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வங்கிக் கிளை மேலாளர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்டதோடு காலையிலிருந்து எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருக்கும் வர்த்தகர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தையல் டீச்சர் அக்கா அவர்களே! அக்காவை மேடைக்குக் கூப்பிட்டோம், வர மறுத்துவிட்டார். என் கையில் முதன்முதலாக ஆரி ஊசியை, துணியில் பூவேலை செய்யும் கொக்கி ஊசியை, கொடுத்தவர் அவர்தான். அக்கா, ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். எல்லோரும் பார்க்கட்டும்.

வங்கி மேலாளர் ஐயாவுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். சிறுதொழிலுக்குக் கடன் தரும் முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். துணியை இழுத்துக் கட்டி வேலை செய்யும் ஸ்டாண்டில் இரண்டாவதும் ஒரு தையல் மெஷினும் அந்தப் பணத்தில்தான் வந்தன. நான் போன அன்றைக்கு முதலில் உட்காரச் சொன்னார், அப்புறம்தான் என்ன வேண்டும் என்று கேட்டார். இதெல்லாம் மறக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொழுதுபோக்காக ஆரம்பித்த கைவேலையைத் தொழிலாக மாற்றுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று விலை, இரண்டு காகிதம், அதாவது பதிவு, உரிமம் எல்லாம், மூன்று விற்பனை, இன்ஸ்டாகிராமில் எப்படிப் போடுவது என்பது வரைக்கும்.

விலையிலிருந்து தொடங்குகிறேன். என் மாமியார் நிலக்கோட்டை மார்க்கெட்டில் மல்லிகை எடுத்துக் கட்டி விற்றவர். நாற்பது வருடம் பூ விற்றவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வாயைத் திறந்தால் ஒரு பழமொழி வரும், "ஆத்துல போட்டாலும் அளந்து போடு". பால்காரரிடம் சொல்வார், பேரனிடம் சொல்வார், என்னிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். அதன் அர்த்தம் எனக்குப் புரிய ஒரு கல்யாண பிளவுஸ் தேவைப்பட்டது.

2018இல் நடந்தது. ஆரி கற்றுக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது, அவ்வளவு பிரியம். சொந்தக்காரர்களுக்குச் செய்வேன், கொடுப்பதை வாங்கிக்கொள்வேன். அந்த ஆவணியில் என் ஓரகத்தியின் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்த பிளவுஸ் நீதான் போடணும் என்றார்கள். முதுகில் ஒரு மயில், இரண்டு கையிலும் முழங்கை வரை கொடி, கழுத்தைச் சுற்றி கட் பீட்ஸ் மணி இரண்டு வரிசை, நடுவில் குந்தன் கல். எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். வாய்க்கு வந்தபடி 3,500 என்றேன். ரொம்ப அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, நிஜமாக.

வேலையை ஆரம்பித்தேன். டிரேசிங் பேப்பரில் டிசைனைக் குத்தி, துணியில் ஏற்றி, ஸ்டாண்டில் இழுத்துக் கட்டினேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வாழை நாரில் பூ கட்டிக்கொண்டிருந்தார். கண்ணால் பார்க்காமலே கட்டுவார், என் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து அடுப்படிக்குப் போய், புளி எடுத்தபோது சேர்த்து வைத்திருந்த கொட்டையை ஒரு டப்பாவில் கொண்டு வந்தார். ஒரு காலி டப்பாவையும் என் பக்கத்தில் வைத்தார்.

"தாயி, சுவத்துல கடிகாரம் இருக்குல்ல, பெரிய முள்ளு அரைச் சுத்து சுத்துனா ஒரு கொட்டைய எடுத்து இதுல போடு. எந்திரிச்சுப் போனா போடாத."

"எதுக்கு அத்தை?"

"போடு, சொல்றேன்."

எனக்கு விளையாட்டாக இருந்தது, போட்டேன். சாப்பிட எழுந்தால் போட மாட்டேன், உட்கார்ந்தால் போடுவேன். மயிலுக்கு ஜர்தோசி, அதாவது சுருள் ஜரிகைக் கம்பி, நிரப்பும்போது டப்பா சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. ஜர்தோசியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஊசியில் கோர்த்து, ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி படுக்க வைக்க வேண்டும், அவசரப்பட்டால் துண்டு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், பிரிக்க வேண்டியதுதான். அந்த மயிலின் தோகையில் ஒரு கண்ணைப் பிரித்துப் பிரித்து மூன்று தடவை போட்டேன். பதினேழு நாள் ஆனது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கொடுத்தேன். பெண்ணுக்குப் போட்டுப் பார்த்தபோது அவள் அம்மா அழுதுவிட்டார், அவ்வளவு அழகாக வந்திருந்தது. 3,500 ரூபாயைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தார்கள். எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் டப்பாவைக் கவிழ்த்தார். தரையில் கொட்டிப் பத்துப் பத்தாகப் பிரித்தார். பதின்மூன்று பத்தும் ஒரு கொட்டையும். 131 கொட்டை, அதாவது அறுபத்தைந்தரை மணி நேரம். சாமானுக்கு எவ்வளவு என்று கேட்டார். ஜர்தோசி, பீட்ஸ், கல், நூல், லைனிங் எல்லாம் 1,240 ஆகியிருந்தது. மிச்சம் 2,260. மணிக்கு எவ்வளவு என்று என் மூத்த மகனைப் போடச் சொன்னார். 34 ரூபாய் 50 காசு.

அப்போது எதிர் வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. மாமியார் வாசலில் நின்று சித்தாள் வேலைக்கு வந்திருந்த அக்காவைக் கூப்பிட்டு, "உனக்கு நாள் கூலி எவ்வளவு தாயி?" என்று கேட்டார். 450 என்றார் அந்த அக்கா. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 56 ரூபாய். வெயிலில் செங்கல் தூக்குகிறவருக்கு அது குறைவான கூலி, அதையும் சொல்கிறேன். ஆனால் அந்தக் கூலிகூட எனக்கு வரவில்லை. மாமியார் என் கையைப் பிடித்துச் சொன்னார், "பூவ மொழம் போட்டு விக்கிறேன். உன் கைய நீ மொழம் போட்டுப் பாக்கலையே தாயி. ஆத்துல போட்டாலும் அளந்து போடு."

(இந்த இடத்தில் அரங்கத்தில் கைதட்டல். பின்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து "அவங்க சொன்னது சரிதான்" என்று சத்தமாகச் சொன்னார்.)

நன்றி பாட்டி. நான் நினைத்துக்கொண்டிருந்த மாதிரி அந்தப் பழமொழி ஆற்றில் போடாதே என்று சொல்லவில்லை. போடு, தாராளமாகப் போடு, ஆனால் எவ்வளவு போடுகிறாய் என்று தெரிந்து போடு என்கிறது. சொந்தக்காரப் பெண்ணுக்கு அன்பாகச் செய்யலாம். ஆனால் பில்லில் முழுத் தொகையை எழுதி, அதற்குக் கீழே "அன்பளிப்பு 2,000" என்று கழித்துக் காட்டுங்கள். வாங்குகிறவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எழுதாவிட்டால், அக்கா 3,500க்கே போட்டுத் தருவார் என்று அடுத்த கல்யாண வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

அதற்கப்புறம் மணிக்கு 70 ரூபாய் என்று வைத்தேன். 131 கொட்டைக்கு 4,585, சாமான் 1,240, கூட்டினால் 5,825. ஊசி உடைவது, கரண்ட், தேய்மானம் எல்லாம் சேர்த்து அதே பிளவுஸுக்கு 6,200 சொன்னேன். அடுத்து விசாரித்த ஐந்து பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்று பேர் இருந்தார்கள். அந்த மூன்று பேர் போதும் எனக்கு. இன்னொன்றும் அந்தக் கொட்டைகள் காட்டின. மயிலுக்கு மட்டும் தனியாக எண்ணிப் பார்த்தபோது 44 கொட்டை தின்றிருந்தது. கழுத்து வரிசைக்குப் பதினான்குதான். ஆனால் கல்யாண மண்டபத்தில் எல்லோர் கண்ணிலும் படுவது கழுத்தும் கையும், மயிலைப் பின்னல் மறைத்துவிடுகிறது. அதனால் மயில் கேட்டால் அதற்குத் தனி விலை. எந்த டிசைனில் சோறு கிடைக்கும், எதில் கண் மட்டும் கெடும் என்பதை அளந்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இந்த ஆரி ஊசியே குஜராத், கட்ச் பக்கம் செருப்புத் தைக்கும் மோச்சி சமூகத்தார் தோலில் குத்திய கொக்கி ஊசியிலிருந்து வந்தது. கூலிக்கு உழைத்தவர்களின் கருவி அது. நம் கைக்கு வந்ததும் அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்துக் கூலியை விட்டுவிட்டோம். எனக்கு மனது ஆறாத விஷயம் இதுதான்.

லிஜ்ஜத் அப்பளம் எல்லோருக்கும் தெரியும். 1959 மார்ச் 15, பம்பாயில் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி, ஏழு பெண்கள், கடன் வாங்கிய 80 ரூபாய், முதல் நாள் நான்கு பாக்கெட் அப்பளம். எண்பது ரூபாயில் ஆரம்பித்தார்கள் என்பதைத்தான் எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். நான் அவர்களிடம் பார்ப்பது வேறு. அங்கே தேய்க்கிற அப்பளத்துக்குக் கிலோ கணக்கில் கூலி உண்டு. அந்தக் கூலி கைக்கு வந்த பிறகுதான் லாபம் என்ற பேச்சு, அதுவும் உறுப்பினர்களுக்குள் பங்கு. நம் வீடுகளில் சாமான் செலவு போக மிஞ்சியது அத்தனையையும் லாபம் என்கிறோம். அது லாபம் இல்லை அம்மா, அது உங்கள் கூலி, அதுவும் பாதிக் கூலி.

இரண்டாவது விஷயம், காகிதம். இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், பொது மேலாளர் ஐயா விளக்கமாகப் பேசப்போகிறார். உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு 2020 ஜூலை முதல் இருக்கிறது, ஆதாரை வைத்து நாமே போடலாம், கட்டணம் ஒரு பைசா கிடையாது. யாராவது ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பயம் நிறைய பேருக்கு இருக்கிறது. வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியில் வேலை செய்து கொடுப்பது சேவை, அதற்கு நம் மாநிலத்தில் ஆண்டுக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. நம்மில் எத்தனை பேர் 20 லட்சத்துக்கு வேலை செய்கிறோம்?

பதிவு எதற்கு என்றால் ஒரு காரணத்துக்காகத்தான் நான் அடித்துச் சொல்வேன். பொட்டிக் என்கிற டிசைனர் துணிக் கடைகளுக்குச் செய்து கொடுக்கிற தங்கைகள் இங்கே இருக்கிறீர்கள். எனக்கும் ஒரு கடையில் எட்டு மாதம் பணம் நின்றது, பதினான்கு பிளவுஸ் கூலி. எந்தக் கடை, எந்த ஊர் என்பது வேண்டாம். போன் செய்தால் அடுத்த வாரம், நேரில் போனால் முதலாளி வெளியே போயிருக்கிறார். அப்போது என்னிடம் பதிவும் இல்லை, கொடுத்த சரக்குக்கு எழுத்தும் இல்லை. 2006ஆம் ஆண்டு வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் கொடுப்பது 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் கேட்கிறவர் கையில் பதிவு இருக்க வேண்டும், எத்தனை பிளவுஸ், என்ன கூலி, என்றைக்குக் கொடுத்தோம் என்று எழுதியிருக்க வேண்டும். அளக்காமல் ஆற்றில் போட்டவர் எதைத் திருப்பிக் கேட்பது?

மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன். இரண்டு வருடமாகப் போகிற ஊரெல்லாம் இதைத்தான் கேட்கிறேன். குழுக்களில் வரவு செலவு நோட்டு வைத்திருக்கிறோம். தேதி, வரவு, செலவு, மிச்சம் என்று நான்கு பத்தி. அதில் ஐந்தாவதாக ஒரு பத்தி போடுங்கள், "என் கூலி" என்று தலைப்பு எழுதுங்கள். மாவு அரைத்தாலும் சரி, பொடி இடித்தாலும் சரி, கேக் செய்தாலும் சரி, இன்று எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு. விலை சொல்வதற்கு முன்னால் அந்தப் பத்தியைப் பாருங்கள். மேலாளர் ஐயாவிடம் ஒரு கோரிக்கை, கடன் மனுவோடு இந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள், நாங்கள் கொண்டுவருகிறோம். பொது மேலாளர் ஐயாவிடம் இன்னொன்று, ஆரி, தையல், பேக்கரி என்று பயிற்சி நடக்கும் இடத்திலெல்லாம் முதல் நாளே ஒரு மணி நேரம் விலை போடக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். செயின் தையலை அப்புறம் கற்றுக்கொள்ளலாம். பேரூராட்சித் தலைவர் ஐயா தலையாட்டுகிறார், எழுதிக்கொடுக்கிறேன் ஐயா, கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் ஸ்டாண்டில் முகூர்த்தத் துணி ஏறாது, தெரியும். அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்துத்தான் மற்ற மாதங்களில் கூலி வைக்க வேண்டும் என்று டீச்சர் அக்கா இப்போது ஞாபகப்படுத்துகிறார். சரிதான் அக்கா.

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. விற்பனையும் இன்ஸ்டாகிராமும் இன்னொரு நாள் பேசலாம், அதற்குப் பிள்ளைகளே நமக்குச் சொல்லித் தருவார்கள். வாசல் பக்கத்து மேசையில் ஐந்து பத்தி கோடு போட்ட நோட்டுகள் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு பை நிறையப் புளியங்கொட்டையும் இருக்கிறது. என் மாமியாருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது, நேற்று ராத்திரி உட்கார்ந்து நூறு நூறாக எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்.