பயம் எங்கே தொலைகிறது?

நண்பர்களே, "சைக்கோ" நம் பேச்சில் வெறும் வசைச்சொல். ஆய்வில் சைக்கோபதி, அதாவது இரக்கமும் குற்ற உணர்வும் இல்லாமல் பிறரை ஏய்க்கும் ஆளுமை, அளந்து பார்க்கப்படுவது. உளவியலாளர் ராபர்ட் ஹேர் வகுத்த பட்டியலில் 20 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 40. வட அமெரிக்க ஆய்வுகளில் வழக்கமாக 30-ஐத் தொட்டால் சைக்கோபதி. பேட்டியோடு வழக்குக் கோப்புகளையும் படித்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். ஆளின் பேச்சை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். சொக்க வைக்கும் பேச்சே அந்த 20-ல் ஒன்று!

சைக்கோபதி உள்ளவர்களுக்குப் பயமே கிடையாது என்பது நெடுநாள் முடிவு. மின்அதிர்ச்சி தரும் தவறுகளைத் தவிர்க்க இவர்கள் சரியாகக் கற்பதில்லை என்று உளவியலாளர் டேவிட் லிக்கன் 1957-லேயே காட்டினார். பிறகு வந்த சில மூளை ஸ்கேன்களில், ஆபத்தை உணரும் அமிக்டலா என்ற பகுதி மந்தமாகத் தெரிந்தது.

உளவியலாளர் ஜோசப் நியூமனின் குழு அங்கே நிற்கவில்லை. 2010-ல் வெளியான ஆய்வில் 125 ஆண் கைதிகள். திரையில் சிவப்பு, பச்சை எழுத்துகள் வரும்; ஒரு நிறம் வந்தால் மின்அதிர்ச்சி விழலாம். இடையில் திடீரென்று ஓர் இரைச்சல். கண்ணுக்குக் கீழே ஒட்டிய மின்முனை, இமை எவ்வளவு பலமாகத் துடிக்கிறது என்று பதியும். பயம் கூடினால் துடிப்பும் கூடும். "நிறம் என்ன?" என்று கேட்டபோது சைக்கோபதி உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே துடித்தார்கள். "பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?" என்று கேட்டதும் அந்தத் துடிப்பு அடங்கிவிட்டது. திரை அதே திரை, ஆபத்தும் அதே ஆபத்து. கவனம் வேறு வேலையில் இருந்தது, அவ்வளவே.

2013-ல் ஸ்கேனும் இதையே சொன்னது: வேறொரு வேலையில் கவனம் முதலில் பதிந்துவிட்டால் மட்டுமே அமிக்டலா மந்தம், அப்போது கவனத்தைக் குவிக்கும் முன்மூளைப் பகுதி கூடுதலாக உழைத்தது. இவையெல்லாம் குழுச் சராசரிகள். ஒருவருடைய ஸ்கேனைக் காட்டி "இவர் சைக்கோபதி" என்று முத்திரை குத்துவது தவறு.

1987-ல் நடந்த சீட்டுச் சோதனை இன்னும் எளிமையானது. 100 சீட்டு, முதல் பத்தில் வெற்றி வாய்ப்பு 90 சதவீதம், பத்துப் பத்தாகக் குறைந்து கடைசியில் பூஜ்யம். மற்றவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். சைக்கோபதி உள்ளவர்கள் தோற்றுக்கொண்டே ஆடினார்கள். முறையை மாற்றி, அதுவரையான வெற்றி தோல்விக் கணக்கைக் கண்ணில் காட்டி, அடுத்த சீட்டுக்கு 5 நொடி காக்க வைத்தார்கள். இவர்களும் நிறுத்திவிட்டார்கள்.