அப்பர் பயந்த இரவு

(சித்திரைச் சதயத்தையொட்டி, கடலூர்ப் பக்கத்துக் கோயில் மண்டபம் ஒன்றில் பேசியது. பேச்சில் வந்த சில கிளைக்கதைகளை எழுதும்போது குறைத்திருக்கிறேன்.)

பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'அச்சம் போக்கும் பிரார்த்தனை'. அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே அதைப் பார்த்ததும் வீட்டில் சிரித்துவிட்டார்கள். நான் ஊரறிந்த பயந்தாங்கொள்ளி. தனியாக லிஃப்டில் ஏற மாட்டேன். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தால் கவரை என் மனைவிதான் பிரிப்பாள். இப்படிப்பட்டவனை அச்சத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வகையில் சரிதான். பல்வலியைப் பற்றிப் பல் வலிக்கிறவனைத்தானே கேட்க வேண்டும்?

குருபூசை நாள் என்பதால் அப்பர் பெருமானையே எடுத்துக்கொள்கிறேன். அப்பர் என்றவுடன் நமக்கு என்ன ஞாபகம் வரும்? 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்.' பல்லவ மன்னனின் ஆட்கள் அழைத்துப் போக வந்து நின்றபோது, வர முடியாது என்பதற்குப் பதிலாகப் பாடியது. மேடையில் அதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். நானே பலமுறை வாங்கியிருக்கிறேன். ஆனால் மனசுக்குள் எனக்கு நெருக்கமானவர் அந்த அப்பர் இல்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாரே, அவர்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குச் சிறுநீரகக் கல் வலி வந்தது. அனுபவித்தவர்கள் இங்கே இரண்டு மூன்று பேராவது இருப்பீர்கள், தலையாட்டுகிறீர்கள் பாருங்கள். குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தேன். டைல்ஸின் குளிர்ச்சி ஒன்றுதான் ஆறுதல். சின்ன வயசிலிருந்து தேவாரம் பாடுகிறவன் நான். அந்த நேரத்தில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. 'அம்மா' என்ற ஒரு சொல்தான் வந்தது. அப்புறம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் ஊரில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லையே. மூன்றாவது வேகத்தடையில் ஆட்டோ தூக்கிப் போட்டபோது, தானாக வந்தது:

'தோற்றாதென் வயிற்றின் அகம்படியே
குடரோடு துடக்கி முடக்கியிட
ஆற்றேன் அடியேன்...'

துடக்கி முடக்கியிட. அந்த இரண்டு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கே சுருண்டுகொள்ளும். அதுவரை அந்தப் பாட்டை நான் கொல்லிப் பண், அதாவது ஒரு ராகம், என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது வயிற்றுவலி என்று தெரிந்தது.

கதை உங்களுக்குத் தெரியும், ஓடிவிடுகிறேன். பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், அப்பருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அது, சமண சமயம் புகுந்து, பாடலிபுத்திரம் என்று அன்றைக்குப் பெயர் பெற்றிருந்த இந்தத் திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெரிய குருவாக இருந்தார். ஏழாம் நூற்றாண்டு. அன்றைய சமயச் சண்டைக்குள் இப்போது நான் போகப் போவதில்லை, அது வேறு பேச்சு. சூலை நோய் வந்தது. எந்த மருந்துக்கும் மந்திரத்துக்கும் கேட்கவில்லை. சமையல்காரனை அக்காவிடம் தூது அனுப்பினார். 'நான் அங்கே வர மாட்டேன்' என்று திலகவதியார் சொல்லி அனுப்பிவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி நடந்து வந்து, திருவதிகையில் அக்கா காலில் விழுந்தார். இன்றைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்தால் அது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

அக்கா திருநீறு கொடுத்தார், கோயிலுக்குள் அழைத்துப் போனார். அங்கே முதல் பாட்டின் முதல் வரி எப்படி வருகிறது? 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்.' எமனாக வந்து நிற்கிறது இந்த நோய், நீர் விலக்காமல் இருக்கிறீர். எடுத்த எடுப்பில் புகார். எத்தனையோ வருஷம் கழித்து வாசல்படி மிதிக்கிறார், ஒரு வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. அடுத்து, 'கொடுமை பல செய்தன நான் அறியேன்.' நான் அப்படி என்ன செய்தேன், எனக்குத் தெரியவில்லையே என்கிறார். அப்புறம்தான் 'ஆற்றேன் அடியேன்', என்னால் தாங்க முடியவில்லை.

நம்மில் பலபேர், 'மனசு சரியில்லைங்க, கொஞ்சம் நிதானமானதும் கோயிலுக்குப் போகலாம்' என்போம். நிதானம் வந்த பிறகு போகிறதற்கு அது என்ன கல்யாண வீடா? பதறிக்கொண்டிருக்கிற அந்தச் சமயத்தில், பதறுகிற அந்த வாயோடு போனவர் அப்பர். 'பயமாக இருக்கிறது' என்று சுவாமியிடம் சொல்வது அவநம்பிக்கை என்று சிலர் நினைக்கிறார்கள். யாரிடம் நாம் பயத்தைச் சொல்வோம்? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வோமா?

இன்னொன்று. அந்தப் பதிகத்துக்கு முன்னால் பல வருஷப் பிரார்த்தனை ஒன்று இருக்கிறது, அதற்குப் பண் கிடையாது. திலகவதியாருடையது. நிச்சயம் செய்திருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோனார். அதற்கு முன்பே தாய் தகப்பன் இல்லை. உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காக இருந்தார். அந்தத் தம்பியும் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவர் அதிகைக் கோயிலில் விடிகாலையில் அலகிட்டு, சாணம் மெழுகி, பூ எடுத்து மாலை கட்டிக்கொண்டே தம்பியைத் திருப்பிக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெருக்கிய தரையில்தான் தம்பி வந்து விழுந்தார். இதற்கு மேல் நான் விளக்கினால் கெட்டுப்போகும்.

சரி, நோய் தீர்ந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நோயைவிடப் பெரிது. சமணத்தை விட்டதற்காகப் பல்லவ மன்னன் கொடுத்த தண்டனைகள்: ஏழு நாள் நீற்றறை, அதாவது சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு கலந்த பால்சோறு, அப்புறம் மத யானை. யானை வருகிறபோது பாடிய பதிகத்தில் எல்லோருக்கும் தெரிந்த வரி, 'அஞ்சுவது யாதொன்றும் இல்லை அஞ்ச வருவதும் இல்லை.' அதற்கு முந்தின வரியை நாம் கவனிப்பதில்லை. 'திண்ணென் கெடிலப் புனலும் உடையார் ஒருவர் தமர் நாம்.' சாந்தும் பிறையும் பாம்பும் காளையும் உடையவர் என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் கெடிலத் தண்ணீரையும் சேர்க்கிறார். இதோ, நம் கெடிலம். இப்போது அதில் என்ன ஓடுகிறது என்று கேட்காதீர்கள். அவருடைய 'தமர்' நாம் என்கிறார். தமர் என்றால் உறவுக்காரர், சொந்தக்காரர். தெருவில் சின்னப் பையன்கள் சண்டை போடும்போது ஒருவன் சொல்வான் பாருங்கள், 'நான் யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா?' என்று. உடம்பு நடுங்கிக்கொண்டுதான் இருக்கும், ஆனாலும் சொல்வான். யானைக்கு முன்னால் அப்பர் சொன்னதை நான் அந்தக் குரலில்தான் கேட்கிறேன். தன் பலத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

கல்லில் கட்டிக் கடலில் போட்ட கதைக்கு வருகிறேன். இந்த ஊர்க்காரர்களிடம் அதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. கரையேறவிட்ட குப்பம் இங்கேதான் இருக்கிறது. தருமசேனராக எந்த ஊரில் கொடிகட்டிப் பறந்தாரோ, அதே ஊர்க் கரையில் கல்லோடு வந்து ஒதுங்கினார். ஆனால் அப்போது அவர் பாடிய 'நற்றுணையாவது நமச்சிவாயவே' பாட்டைப் பற்றி எனக்கு ஒரு பெரிய சண்டை இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். யாராவது மறந்திருக்கிறீர்களா? அன்று விடிகாலை பண்ருட்டிப் பக்கம் என் மாமா வீட்டில் இருந்தேன். காற்று ஊதவில்லை, கத்தியது. ஓட்டுக்கூரை பிய்ந்து பறந்தது. என் அத்தை நெல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து 'நற்றுணையாவது நமச்சிவாயவே' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று அடங்கியதும் வெளியே வந்து பார்த்தால் பலாத்தோப்பு இல்லை. மாமாவின் தாத்தா வைத்த மரங்கள், வேரில் ஒட்டிய செம்மண்ணோடு மல்லாந்து கிடந்தன. முந்திரியும் அப்படியே. பால் வடிந்து அந்த இடமே பலாப்பால் வாசனை. நான் அத்தையிடம் கேட்டேன், 'இவ்வளவு நேரம் சொன்னீங்களே, என்ன பிரயோஜனம்?' படித்தவன் திமிர். அத்தை எதுவும் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். மாடு கன்று போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

ரொம்ப நாள் கழித்துத்தான் பாட்டைச் சரியாகப் படித்தேன்.

'சொற்றுணை வேதியன் சோதி வானவன்
பொற்றுணைத் திருந்தடி பொருந்தக் கைதொழக்
கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே.'

கடலில் போடமாட்டார்கள் என்று எங்கே இருக்கிறது? 'பாய்ச்சினும்' என்றல்லவா இருக்கிறது? போட்டாலும் என்கிறார். கல் அவிழ்ந்துவிடும் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்வது ஒன்றுதான், துணை. ராத்திரி கொல்லைப்பக்கம் போகப் பயப்படுகிற குழந்தை 'துணைக்கு வாம்மா' என்று கூப்பிடுமே, அந்தத் துணை. அம்மா வந்தால் இருட்டு போய்விடுமா? இருட்டு அங்கேயேதான் இருக்கும். 'கற்றுணை' என்பதற்குக் கல்தூண் என்று பொருள் சொல்வார்கள், சரியான பொருள் அதுதான். ஆனாலும் காதில் கேட்கும்போது கல்லும் ஒரு துணை மாதிரி ஒலிக்கிறதே! இது என் சொந்த ஆசை, தமிழ் ஐயாக்கள் மன்னிக்க வேண்டும்.

நான் காப்பீடு கேட்டேன். அத்தைக்குத் துணை போதுமாக இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற அளவுக்குக் கைநடுக்கம் நின்றிருந்தது. என் கைநடுக்கம் அன்று சாயங்காலம் வரை நிற்கவில்லை.

இங்கேயே முடித்துக்கொண்டால் நல்ல பேச்சு. பின்னால் சுண்டல் வாசனையும் வந்துவிட்டது. ஆனால் யாரும் அதிகம் சொல்லாத ஒரு இடம் பெரியபுராணத்தில் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டேன்.

திருமறைக்காடு, நம்முடைய வேதாரண்யம். வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவு. திறப்பதற்கு நீங்கள் பாடுங்கள் என்று, பிள்ளையார் என்று அழைக்கப்படும் குழந்தை ஞானசம்பந்தர் சொல்ல, அப்பர் பாடினார். முதல் பாட்டில் திறக்கவில்லை. பத்துப் பாட்டு ஆயிற்று. பிறகுதான், 'இரக்கமொன்றிலீர்' என்று வைதுவிட்டு, 'சரக்க இக்கதவம் திறப்பிம்மினே' என்றார். சரக்க என்றால் சீக்கிரம். கதவு திறந்தது. மூடுவதற்குப் பிள்ளையார் பாடினார், முதல் பாட்டிலேயே சடாரென்று மூடிக்கொண்டது.

அன்றைக்கு ராத்திரி அப்பருக்கு மனசு சரியில்லை. நான் பாடி இவ்வளவு தாமதமாகத் திறந்ததே, அவர் திருவுள்ளம் என்னவென்று தெரியவில்லையே என்று கவலைப்பட்டு, மடத்தில் ஒரு பக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டார். நீற்றறையில் இருந்தவர், யானைக்கு முன்னால் நின்றவர், கடலில் மிதந்தவர். ஒரு கதவு தாமதமானதற்கு அஞ்சினார். பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் அதை மறைக்கவில்லை, அவருக்குக் கும்பிடு போட வேண்டும்.

கதை அதோடு போகவில்லை. அதே ஊருக்கு மதுரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் சம்பந்தரை அழைத்துவர அனுப்பியவர்கள். சம்பந்தர் புறப்பட்டுவிட்டார். அப்போது அப்பர் குறுக்கே நின்றார். 'பிள்ளாய்' என்று ஆரம்பித்து, அங்கே இருக்கிற சமணர்கள் செய்யும் வஞ்சனைக்கு அளவில்லை, 'உறுகோள் தானும் தீய' என்றார். கிரகநிலையும் நன்றாக இல்லை, போக நான் சம்மதிக்க மாட்டேன்! 'நமனை அஞ்சோம்' என்று பாடிய வாய் நாள் கோள் பார்க்கிறது.

பல வருஷம் இந்த இடம் எனக்குப் புரியவில்லை. என் மகள் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு புரிந்தது. தன் தலையில் யானை மிதிக்க வந்தால் தாங்குகிறவன்கூட, பிள்ளை வெளியூர் கிளம்பினால் காலண்டரைத் திருப்புவான், இன்றைக்கு ராகுகாலம் எப்போது என்று. தனக்கான பயம் ஒன்று. பெற்றவர்களின் பயம் முற்றிலும் வேறு. அப்பருக்கு அது பெறாத பிள்ளை, தன்னை 'அப்பரே' என்று கூப்பிட்ட பிள்ளை.

அந்தப் பயத்துக்குப் பதிலாகப் பிறந்ததுதான் 'வேயுறு தோளி பங்கன்', கோளறு பதிகம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று வரிசையாகச் சொல்லி, ராகு கேது என்ற பாம்பிரண்டையும் சேர்த்து, 'நல்ல நல்ல அவை நல்ல நல்ல' என்று நாலு முறை சொல்கிறது அந்தக் குழந்தை. பெரியவர் ஒருவரைச் சமாதானப்படுத்துகிற குரல் கேட்கிறதா? 'ஒண்ணும் ஆகாதுப்பா, ஒண்ணும் ஆகாது' என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்வது மாதிரி. கிரகத்துக்குப் பயப்படாதே என்று பாடிய பதிகத்தை இப்போது நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டே கிரகப் பரிகாரமாகச் சொல்கிறோம். நானும் சொல்கிறேன், உங்களைக் குறை சொல்லவில்லை.

பதிகத்தைக் கேட்டு அப்பர் இசைந்தார். இசைந்தவர், தானும் கூட வருவதாகக் கிளம்பினார். பிள்ளையார் வேண்டாம், நீங்கள் இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சோழநாட்டு மணலில் அப்பர் நின்றுகொண்டிருக்கிறார், பல்லக்கு போகிறது.

என் மகளுக்கு இந்த மாதம் நைட் ஷிப்ட். ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்கூட்டரை எடுப்பாள். 'ஹெல்மெட்' என்பேன். 'போட்டாச்சுப்பா' என்பாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பால் பூத் திருப்பத்தில் அந்தச் சிவப்பு விளக்கு மறைகிற வரைக்கும் 'நல்ல நல்ல அவை நல்ல நல்ல' என்று வாய் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகும் கேட்டை உடனே விட மாட்டேன். கொசு கடிக்கிறது என்று மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்ட பிறகுதான் போவேன்.

வணக்கம்.