எண்ணெய் கேனில் லேபிள் ஒட்டிவிட்டது!

வணக்கம், வாருங்கள். இன்று செக்கு, எள் எதுவும் கிடையாது, லேபிள் மட்டும்தான். "அக்கா, கேனில் ஓரம் தூக்கிக்கொள்கிறதே" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள் அல்லவா? இது நேற்றுக் காலை ஒட்டியது. நகத்தால் கிளப்புகிறேன், பாருங்கள். நகம்தான் வழுக்குகிறது!

அச்சகத்தில் "ஸ்டிக்கர் என்றால் எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள். அந்தப் பேச்சே எனக்கு ஆகாது. நன்றாகக் கழுவிய இந்தக் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறேன், பரவுகிறது. எச்டிபிஇ, அதாவது பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக் கேனில் விட்டால் உருண்டு நிற்கிறது. பசைக்கும் அதே கதைதான்; இந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு ஆற்றல், அதாவது தன்மேல் படுவதை இழுத்துப் பரவவிடும் தன்மை, குறைவு; சாதாரண ஸ்டிக்கரின் அக்ரிலிக் பசை அதில் படியாது. தேன் பாட்டிலுக்கு நான் காய்ச்சும் மைதாப் பசையைத் தடவினால், காய்ந்ததும் சருகாக உதிர்ந்துவிடும்.

அதனால் ரப்பர் பசை வைத்த பிலிம் (மெல்லிய பிளாஸ்டிக் தாள்) லேபிளுக்கு மாறினேன். எண்ணெய் பட்டால் காகிதம் ஊறிவிடும், பிலிம் ஊறாது. விலைதான் பேச்சு! பழையது 90 காசு, இது 1 ரூபாய் 60 காசு. லேபிளுக்கு 70 காசு கூடுதல். 500 லேபிளுக்கு 350 ரூபாய். நிறைய யோசித்தேன். ஆனால் பெயரும் தேதியும் உரிந்துபோன கேனை யார் கையில் கொடுப்பது? 70 காசு போகட்டும்.

அடடா, முக்கியமானதைச் சொல்லவில்லையே! எண்ணெய் ஊற்றும் முன்பே ஒட்டிவிட வேண்டும். கேனை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, உலரவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்க வேண்டும். ஸ்டான்டன் ஏவரி 1935இல் லாஸ் ஏஞ்சலிஸில் இப்படித் தானாக ஒட்டும் லேபிளைத் தொழிலாக்கினார். அன்றைக்கும் இன்றைக்கும் அதற்கு அழுத்தம்தான் உயிர். தொட்டு வைத்தால் போதாது. பிடிப்பு முழுமையாக ஏற ஒரு நாளாவது ஆகும், அதுவரை பெட்டியில் அடுக்காதீர்கள்.

வெயில் விழும் கடைவாசலில் அடுக்குகிறவர்கள் மட்டும் ரப்பர் பசை வாங்க வேண்டாம். வெயிலில் அது மஞ்சளித்து விறைத்துவிடும். பாலிஎத்திலீனுக்கென்றே வரும் அக்ரிலிக் பசை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முதலில் நாலைந்து லேபிள் மாதிரி வாங்கி உங்கள் கேனிலேயே ஒட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு ரோல் சொல்லுங்கள்.