காலேஜ் பசங்களுக்குப் பணம் கொடுத்ததால் ஆட்டம் கெட்டுப்போச்சா?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் சண்டை போடத்தான் வந்திருக்கிறேன். அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் பார்க்கிறவர்களில் யாரிடம் பேசினாலும் இப்போது ஒரே புலம்பல். "பசங்க கையில காசு வந்துச்சு, ஆட்டம் போச்சு." நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். காசு வந்த பிறகுதான் காலேஜ் ஆட்டம் தேறியிருக்கிறது, இதுதான் என் கட்சி.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஒரு அணிக்கு 82 லீக் ஆட்டங்கள், அப்புறம் பிளே ஆஃபில் ஒவ்வொரு சுற்றிலும் யார் முதலில் நான்கு ஜெயிக்கிறார்களோ அவர்கள் மேலே போவார்கள். காலேஜில் மார்ச் மாதம் 68 அணிகள், ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பந்தை வைத்துக்கொண்டு ஷாட் போட என்.பி.ஏ.வில் 24 விநாடி, காலேஜில் 30. அவ்வளவு போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிராஃப்ட் என்றால் என்.பி.ஏ. அணிகள் வருஷா வருஷம் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை; 2006 டிராஃப்ட்டிலிருந்து அதில் ஒரு விதி இருக்கிறது. பள்ளி முடித்த கையோடு என்.பி.ஏ.வுக்குப் போக முடியாது, வயது 19 ஆக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருஷமும் ஆகியிருக்க வேண்டும். விளைவு என்ன? நல்ல பையன்கள் எல்லாம் காலேஜுக்கு வந்து, ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு, டிராஃப்ட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். 2012-ல் கென்டக்கி அப்படித்தான் கப் ஜெயித்தது, முதல் வருஷப் பையன் ஆந்தனி டேவிஸை வைத்து. 2015-ல் டியூக்கும் முதல் வருஷப் பையன்களை நம்பித்தான் ஜெயித்தது. திறமை கொட்டிக் கிடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருத்தன் பெயர் நமக்குப் பழகுவதற்குள் அவன் போயிருப்பான். பணமும் கிடையாது, பிறகு எதற்கு இருக்கப் போகிறான்?

2021 ஜூலையில் அது மாறியது. தன் பெயரையும் முகத்தையும் வைத்து மாணவர்கள் விளம்பரக் காசு வாங்கலாம் என்று வழிவிட்டார்கள். 2025 ஜூலையிலிருந்து காலேஜே நேரடியாகக் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. டிராஃப்ட்டில் கடைசியில் எடுக்கப்படுவோமா மாட்டோமா என்று தெரியாத ஒரு பையன் இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறான். அங்கே போய் பெஞ்சில் உட்காருவதற்கு, இங்கேயே இன்னொரு வருஷம் நல்ல காசுக்கு ஆடலாமே! அதனால் 22, 23 வயது ஆட்கள் காலேஜில் தங்குகிறார்கள். அந்த வயதில் உடம்பும் முற்றியிருக்கும், தலையும் நிதானமாக இருக்கும்.

2025 அரையிறுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். டியூக், ஹூஸ்டன். டியூக்கில் கூப்பர் ஃபிளாக், 18 வயது, அந்த வருஷ டிராஃப்ட்டில் முதல் ஆளாக டல்லாஸுக்குப் போனவர். கடைசி அரை நிமிஷத்துச் சொச்சத்தில் டியூக் 6 புள்ளி முன்னிலை. முடிந்தது என்று எழுந்து போயிருப்பீர்கள். அங்கிருந்து ஹூஸ்டன் வரிசையாக 9 புள்ளி எடுத்து 70-67 என்று ஜெயித்தது. முன்னிலை எடுத்துக் கொடுத்த இரண்டு ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் இலவச ஷாட்டை, போட்டவர் ஜேவான் ராபர்ட்ஸ், வருஷக்கணக்காக ஹூஸ்டனிலேயே கிடந்த ஆள். அடுத்து ஃபிளாக் போட்ட ஷாட்டுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவரும் அதே ராபர்ட்ஸ்தான். ஷாட் விழவில்லை.

இறுதிப் போட்டி இன்னும் அழகு. நமக்குச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை. ஃப்ளோரிடா இரண்டாம் பாதியில் ஹூஸ்டனைவிட 12 புள்ளி பின்தங்கியிருந்தது. அவர்களுடைய பெரிய ஆள் வால்டர் கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் மனுஷன் அலட்டிக்கொள்ளவே இல்லை. கடைசியில் 65-63, ஃப்ளோரிடா முன்னால், பந்து ஹூஸ்டனிடம். ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளி ஷாட் போட எழும்புகிறார். கிளேட்டன் பாய்ந்து வந்து முகத்துக்கு நேரே நிற்கிறார். பந்தோடு கீழே இறங்கினால் டிராவல் என்ற தப்பு, பந்து எதிரணிக்குப் போய்விடும், அதனால் ஷார்ப் நடுவானிலேயே பந்தைக் கைவிட்டுவிட்டார். அது அவர் காலடியிலேயே குதிக்கிறது. அவர் தொட்டாலும் தப்பு. கடிகாரம் ஓடுகிறது, ஃப்ளோரிடா ஆள் ஒருவர் பந்தின் மேல் விழுந்து புரள்கிறார், ஆட்டம் முடிந்தது. ஒரு ஷாட்கூடப் போகவில்லை! நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கிளேட்டன் ஓடிவந்த வேகத்துக்கு ஃபவுல் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை, உடம்பு உரசவே இல்லை. அந்தக் கட்டுப்பாடு முதல் வருஷப் பையனுக்கு வராது.

சரி, என் கட்சியில் ஒரு ஓட்டையும் இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். கிளேட்டன் ஃப்ளோரிடா காலேஜ் முதலிலிருந்தே வளர்த்த ஆட்டக்காரர் இல்லை. அயோனா என்ற சின்ன காலேஜிலிருந்து வந்தவர். கூட ஆடிய வில் ரிச்சர்ட், அலைஜா மார்ட்டின் இரண்டு பேரும் வேறு காலேஜிலிருந்து வந்தவர்கள்தான். சின்ன இடம் வளர்த்துக் கொடுக்கிறது, பெரிய இடம் காசு கொடுத்துத் தூக்குகிறது. 2022-ல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற குட்டிக் காலேஜ், 15-வது தரவரிசையில் வந்து (அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை கொடுப்பார்கள்), கென்டக்கியையும் பர்டூவையும் சாய்த்துவிட்டுக் கடைசி எட்டு வரை போனது. சீசன் முடிந்ததும் கோச் வேறு காலேஜுக்குப் போனார், பையன்களும் கலைந்தார்கள். 2025-ல் கடைசி நான்கு அணிகளும் முதல் தரவரிசை அணிகள். 2008-க்குப் பிறகு அப்படி நடக்கவே இல்லை. 2018-ல் 16-வது தரவரிசையில் வந்த யு.எம்.பி.சி. என்ற காலேஜ், முதல் தரவரிசை வர்ஜீனியாவை 74-54 என்று துவைத்ததே, அந்த மாதிரிக் கூத்து இனி குறையும். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தக் கூத்துக்காக 23 வயதுக்காரன் சம்பளமில்லாமல் ஆட வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போ என்.பி.ஏ.? ஆட்டத்தின் தரத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2025 இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் 0.3 விநாடி மிச்சமிருக்கும்போது இண்டியானா அணியின் ஹாலிபர்ட்டன் போட்ட ஷாட், 111-110, அந்த மாதிரி அமைதி காலேஜில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் ஜனவரி மாதத்து என்.பி.ஏ.வை முழுசாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லாதீர்கள். விருது வேண்டுமென்றால் குறைந்தது 65 ஆட்டம் ஆடு என்று விதி போட்டுத்தான் பெரிய ஆட்களை மைதானத்துக்கு இழுக்க வேண்டியிருக்கிறது.

காலேஜிலும் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். ஆண்கள் ஆட்டம் இன்னமும் இரண்டு 20 நிமிஷப் பாதி. பெண்கள் ஆட்டத்தில் எப்போதோ நான்கு குவார்ட்டருக்கு மாறிவிட்டார்கள், குவார்ட்டருக்குக் குவார்ட்டர் ஃபவுல் கணக்கு புதிதாகத் தொடங்குவதால் ஆட்டம் எவ்வளவு ஓட்டமாக இருக்கிறது பாருங்கள். ஆண்கள் பக்கம் கடைசி எட்டு நிமிஷம் ஃப்ரீ த்ரோ வரிசையிலேயே கழிகிறது. அடுத்த வீடியோவில் பெண்கள் ஆட்டத்தைத்தான் எடுக்கப் போகிறேன், அதன் நட்சத்திரமான கெய்ட்லின் கிளார்க்கிலிருந்து ஆரம்பிப்போம்.