படியளந்த கையை எதிர்த்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

2023 ஜூன் 24, சனிக்கிழமை. தென் ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரத்தில் சர்க்கஸ் கட்டட வாசலில் ஒரு டாங்கி சிக்கிக்கொண்டு நிற்கிறது. ஜனங்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். சிலர் சிப்பாய்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுக்கிறார்கள்.

அந்தச் சிப்பாய்கள் வாக்னர் கூலிப்படையினர். அவர்களின் தலைவர் யெவ்கேனி பிரிகோஷின், அங்கிருந்த ராணுவத் தலைமையகத்தைச் சண்டையே இல்லாமல் காலையில் கைப்பற்றியிருந்தார். இன்னொரு அணி எம்-4 நெடுஞ்சாலையில் மாஸ்கோவை நோக்கிப் போனது. தலைநகருக்குச் சுமார் 200 கிலோமீட்டர் இருக்கும்போது, பெலாரஸ் அதிபர் லுகஷென்கோ சமரசம் பேச, அன்று மாலையே படை திரும்பிவிட்டது.

பிரிகோஷின் பயந்துபோய்த் திரும்பிவிட்டார் என்கிறார்கள். அது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. எதற்காகக் கிளம்பினார் என்று பாருங்கள். தன்னார்வப் படைகள் எல்லாம் ஜூலை 1-க்குள் பாதுகாப்பு அமைச்சகத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. போட்டால் வாக்னர் அவர் கையை விட்டுப் போய்விடும். உக்ரைன் போரில், பாக்முத் நகரச் சண்டையில் தன் ஆட்கள் 20,000 பேர் செத்ததாக அவரே சொன்னார். குண்டு கொடுங்கள் என்று பிணங்களின் நடுவே நின்று அமைச்சர் ஷோய்குவையும் தளபதி கெராசிமோவையும் பெயர் சொல்லித் திட்டினார். அந்த இருவரும் போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. புதின் போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மந்திரிமேல் புகார் சொல்ல, படையோடு மன்னர் வாசலுக்குப் போனார்.

காலையில் புதின் தொலைக்காட்சியில் சில நிமிடங்கள் பேசினார். துரோகம், முதுகில் குத்தும் வேலை என்றார். உலகப்போரின் நடுவே புரட்சி வந்து ரஷ்யா சிதறிய 1917-ஐ நினைவூட்டினார். பிரிகோஷின் பெயரை உச்சரிக்கவே இல்லை. கலகம் அப்போதே தோற்றுவிட்டது என்பேன். இனி மாஸ்கோ போய் யாரிடம் முறையிடுவது?

ராணுவமும் அவர் பக்கம் வரவில்லை. அவரோடு நெருக்கமாக இருந்த ஜெனரல் சுரோவிகின், முந்தின இரவே கையருகே துப்பாக்கியோடு உட்கார்ந்து, திரும்பிப் போங்கள் என்று வீடியோவில் கேட்டுக்கொண்டார். ஒரு ரெஜிமென்ட்கூடச் சேரவில்லை. பெரிதாக யாரும் மறிக்கவும் இல்லை. லிபெட்ஸ்க் பகுதியில் பொக்லைன் வைத்துச் சாலையைத் தோண்டினார்கள். எல்லோரும் யார் ஜெயிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு புதினே கணக்குச் சொன்னார்: 2022 மே தொடங்கி ஓராண்டில் வாக்னருக்கு அரசு கொடுத்தது 8,600 கோடி ரூபிளுக்கு மேல். சம்பளம், குண்டு, டாங்கி எல்லாம் அந்த ஒரு கையிலிருந்து வந்தவை. அந்தக் கை மூடிக்கொண்டால் படை எத்தனை நாள் தாங்கும்?

அன்று வாக்னர் பல ஹெலிகாப்டர்களையும் ஓர் இல்-22 விமானத்தையும் சுட்டு வீழ்த்தியது. அவற்றில் இருந்த ரஷ்ய வீரர்கள் இறந்தார்கள். மூன்றே நாளில், ஜூன் 27 அன்று, கலக வழக்கை மூடிவிட்டார்கள். அந்த வீரர்களின் வீடுகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகஸ்ட் 23 அன்று ட்வேர் பகுதியில் பிரிகோஷினின் விமானம் விழுந்தது. அதிலிருந்த பத்துப் பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் சம்பளத்துக்கு வேலைக்கு வந்த விமானப் பணிப்பெண்.

வணக்கம்.