ஒரு பாட்டு நாட்டுப்பண் ஆவது எப்படி?

நண்பர்களே, வணக்கம்.

நாட்டுப்பண் என்றால் அரசு உட்கார்ந்து முடிவு செய்து, சட்டம் போட்டு அறிவிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பழைய பண்கள் சிலவற்றுக்குச் சட்டம் கடைசியில்தான் வந்தது. பிரிட்டனில் இன்றுவரை அப்படி ஒரு சட்டமே கிடையாது. 1745-இல் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் வாரிசின் படை ஸ்காட்லாந்தில் வென்ற செய்தி வந்து லண்டன் கலங்கியிருந்தது. அப்போது ட்ரூரி லேன் நாடக அரங்கில், அரசரைக் காக்கும்படி கடவுளை வேண்டி ஒரு பாட்டுப் பாடினார்கள். பயந்துபோயிருந்த ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் வழக்கமே அதை நாட்டுப்பண் ஆக்கிவிட்டது. அமெரிக்காவில் 1814-இல் எழுதிய பாட்டுக்கு 1931-இல்தான் சட்டம் வந்தது.

புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு அத்தனை அவகாசம் இல்லை. கொடி ஏறும் நாளில் இசைக்குழு எதையாவது வாசித்தாக வேண்டுமே! மலாயா உலகப் போட்டியே நடத்திப் பார்த்தது; எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் பேராக் மாநிலப் பண்ணின் மெட்டை எடுத்துப் புது வரிகள் எழுதினார்கள். அந்த மெட்டு மக்கள் ஏற்கெனவே கேட்டுப் பழகியது.

இந்தியாவின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். 1947-இல் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபையின்போது இந்தியக் குழுவிடம் நாட்டுப்பண் கேட்டார்கள். கையில் இருந்த 'ஜன கண மன' இசைத்தட்டைக் கொடுத்தார்கள். அங்கே வாசித்ததும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. இதை 1948-இல் நேருவே அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். 1950 ஜனவரி 24 அன்று ராஜேந்திர பிரசாத் ஓர் அறிக்கை வாசித்தார், பண் உறுதியானது. வாக்கெடுப்பே நடக்கவில்லை. விடுதலைப் போரில் பெரும் பங்கு வகித்த 'வந்தே மாதர'த்துக்கும் சம மரியாதை என்று அதே அறிக்கையில் சொல்லப்பட்டது.

இந்தச் சம மரியாதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இன்னொரு பாட்டை நேசிப்பவர்கள் ஒதுங்கி நிற்க நேர்கிறது. அவர்களை என்ன செய்வது? ஸ்பெயின் பண்ணுக்கு வரிகளே இல்லை. 2008-இல் எழுதிப் பார்த்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள்.

தென்னாப்பிரிக்கா இதைவிடக் கடினமான வேலையைச் செய்தது. கறுப்பின மக்கள் கூட்டங்களில் பாடியது, ஈனோக் சொன்டோங்கா என்ற பள்ளி ஆசிரியர் 1897-இல் இயற்றிய ஒரு வேண்டுதல் பாட்டு. அவர்களை ஒடுக்கிய அரசின் பண் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இருந்தது. 1994-இல் ஆட்சி மாறியது. பழைய பண்ணைத் தூக்கி எறிந்திருந்தால் யார் தடுத்திருக்க முடியும்? மண்டேலா அரசு இரண்டையும் வைத்துக்கொண்டது. 1997-இல் இரண்டையும் இணைத்து ஒரே பண் ஆக்கினார்கள். கோசா, ஜூலு, சோத்தோ, ஆப்பிரிக்கான்ஸ், ஆங்கிலம் என ஐந்து மொழிகள். வெள்ளையர் குடியேற்றப் பயணத்தைப் போற்றிய வரிகள் போயின. இரண்டு மெட்டுகள் என்பதால் நடுவில் சுருதியே மாறுகிறது. அந்த மாற்றத்தை மறைக்காமல் அப்படியே விட்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இலங்கைக்கு வருகிறேன். ஆனந்த சமரக்கோன் இயற்றிய பாடல் 1951-இல் நாட்டுப்பண் ஆனது. புலவர் மு. நல்லதம்பி அதே மெட்டில் தமிழ் வரிகள் தந்தார். அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பில் அந்த வரிகள் இருக்கின்றன. இருந்தும், 2016-இல் சுதந்திர தின அரசு விழாவில் தமிழிலும் பாடியபோது நீண்ட இடைவெளிக்குப் பின் என்று செய்தியானது. 2020-இல் அதை விட்டுவிட்டார்கள். தமிழர்கள் அந்தப் பண்ணைத் தங்கள் மொழியில் பாடத் தயாராகத்தான் இருந்தார்கள். இங்கேதான் சட்டத்துக்கு வேலை இருக்கிறது. அரசு விழாவில் தமிழ் வரிகளுக்கும் இடம் உண்டு என்பதை எந்த ஆட்சியாளரும் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாதபடி எழுதிவைக்க வேண்டும்.